சொந்தக் காரில் ட்ராக்கில் இறங்குகிறீர்களா? டயர் சீக்கிரம் தீராமல் இருக்கச் செய்ய வேண்டியவை

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்ட விடும் ட்ராக் டேக்கு முதல்முறை வருகிறவர்கள் நுழைவுக் கட்டணத்துக்கும் பெட்ரோலுக்கும் கணக்குப் போட்டுவிட்டு வருகிறார்கள். டயர் அந்தக் கணக்கில் இருப்பதே இல்லை. இரண்டு மூன்று முறை ஓட்டிய பிறகு, முன் டயர்களின் வெளி ஓரம் மொழுக்கென்று ஆனதைப் பார்க்கும்போதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பெரிய செலவு எது என்று புரிகிறது. பாதிப் பேர் அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல ஓட்டுநர்கள் சிலர் அப்படி விலகிப்போனதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கிலோ, கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, முன்சக்கரங்கள் இழுக்கும் சாதாரண ஹேட்ச்பேக் காரை ஓட்டுகிறவரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ட்ராக்கில் டயரைத் தின்பது தூரம் அல்ல, சூடுதான். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சூட்டைக் கட்டுக்குள் வைப்பதற்கானது. அதில் பெரும்பகுதி வேலை ட்ராக்குக்குள் நுழையும் முன்பே முடிந்துவிட வேண்டும்.

1. கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

இருங்காட்டுக்கோட்டையின் முழுச் சுற்று ஏறத்தாழ 3.7 கி.மீ. ஒருமுறை ட்ராக்கில் இறங்கி ஓட்டும் பதினைந்து நிமிட அமர்வில் சாதாரண ஹேட்ச்பேக் ஆறேழு சுற்று ஓடும். அதாவது சுமார் 25 கி.மீ. முன் டயர் இரண்டும் சேர்த்து 20,000 ரூபாய் என்றும், அவை ட்ராக்கில் 500 கி.மீ. உழைத்தன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 40 ரூபாய். ஓர் அமர்வுக்கு 1,000 ரூபாய். அதே டயரை 1,000 கி.மீ. உழைக்க வைத்தால் அமர்வுக்கு 500 ரூபாய்தான். விலையும் தூரமும் உங்கள் டயருக்கு ஏற்ப மாறும், கணக்கு மாறாது. இதைப் போட்டுப் பார்த்தால்தான், ஆயிரம் ரூபாய் கொடுத்துக் காற்றழுத்தமானி வாங்குவது ஏன் லாபம் என்று மனம் ஒப்புக்கொள்ளும்.

2. எந்த டயர்?

பல டயர்களின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று குறித்து ஓர் எண் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மை, பிடிமானம் அதிகம், ஆயுள் குறைவு. 300-க்கு மேல் இருந்தால் நல்ல சாலை டயர். 200 என்பது சாலையிலும் ட்ராக்கிலும் ஓட்டத்தக்க கூர்மையான வகை. 100-க்குக் கீழே போனால் அது ஏறக்குறைய பந்தய டயர்தான். ஆனால் இந்த எண்ணை அந்தந்த நிறுவனமே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தின் 200-ஐயும் இன்னொன்றின் 200-ஐயும் அப்படியே ஒப்பிட்டுவிட முடியாது.

முதல் வருடத்துக்கு நல்ல சாலை டயரே போதும் என்பது என் உறுதியான கருத்து. பிடி விடும் முன் அது சத்தம் போட்டு எச்சரிக்கும். மென்மையான டயர் உங்கள் தவறுகளை மறைத்துக்கொண்டே தீர்ந்துபோகும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரை ட்ராக்குக்கு வாங்காதீர்கள். அந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம். டயரைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.
- டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலை யாராவது நீட்டினால் பில்லில் வரி விகிதத்தைப் பாருங்கள்.
- வெளிநாட்டுக் காணொளிகளில் புகழும் டயரை இணையத்தில் தேடி ஏங்க வேண்டாம். 2020 ஜூன் முதல் புதிய டயர் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. பிஐஎஸ் எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் சான்றும் தேவை. சில அளவுகள் மாதக்கணக்கில் கிடைப்பதில்லை. உங்கள் ரிம் அளவுக்கு இங்கே தொடர்ந்து கிடைப்பது எது என்று கேட்டு அதில் பழகுவதே நல்லது.

பணம் மிச்சமாக இன்னொரு வழியும் உண்டு. தேயாத, முழு ஆழப் பள்ளங்களோடு இருக்கும் புதிய சாலை டயரை நேராக ட்ராக்குக்குக் கொண்டு போனால், அந்த உயரமான ரப்பர்க் கட்டைகள் ஆடி ஆடிச் சூடேறித் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடலாம். அமெரிக்காவில் இதற்காகவே புதிய டயரைச் சீவித் தருகிறார்கள். நமக்குச் சாலையே போதும். புதிய டயரை முதலில் அன்றாட ஓட்டத்துக்கு வைத்துக்கொண்டு, ஆழம் பாதியானதும் ட்ராக்குக்கு ஒதுக்குங்கள். மழைக்கு அது ஆகாது. காய்ந்த ட்ராக்கில் புதியதைவிட நன்றாக உழைக்கும்.

3. காகித வேலை

ட்ராக் டேக்கு ஏற்பாட்டாளர்கள் கேட்பவை பெரும்பாலும் ஓட்டுநர் உரிமமும், விபத்துக்குப் பொறுப்பு உங்களுடையதே என்று ஒப்புக்கொள்ளும் படிவமும். போட்டி என்றால், இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் ஓடாமல் ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

டயர் தொடர்பாக மூன்று காகிதங்களை நான் வலியுறுத்துவேன். முதலாவது, போட்டியின் துணை விதிமுறைகள். எந்த நிறுவன டயர், ஒரு வார இறுதிக்கு எத்தனை, ரப்பரை மென்மையாக்கும் ரசாயனமும் டயரைச் சூடேற்றும் போர்வையும் அனுமதியா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். டயர் வாங்கிய பிறகு அதைப் படித்தால் பணம் போச்சு. இரண்டாவது, காப்பீட்டுப் பத்திரம். நம் நாட்டு வாகனக் காப்பீடு ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. டயர் வெடித்துக் கார் சுவரில் மோதினால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். டயரின் உத்தரவாதமும் பொதுவாகப் பந்தயப் பயன்பாட்டுக்குச் செல்லாது. மூன்றாவது, நீங்களே எழுதும் டயர் ஏடு. ஐம்பது ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும்.

4. புதிய டயரைப் பழக்குதல்

பாதி தேயும்வரை காத்திருக்காமல் புதிய டயரோடே ட்ராக்குக்குப் போகிறவர்களுக்கு இது. அச்சிலிருந்து வரும் டயரின் மேல் வழவழப்பான பூச்சு இருக்கும். முதல் நூறு கிலோமீட்டர் சாலையில் நிதானமாக ஓட்டுங்கள். ட்ராக்கில் முதல் அமர்வை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டி, டயர் முழுவதும் ஒரே சீராகச் சூடான பின் ஒரு சுற்று மெதுவாக ஓட்டி வெளியே வந்துவிடுங்கள். முடிந்தால் அந்த டயரை அதற்குப் பிறகு ஒரு நாளாவது சும்மா வையுங்கள். முதல் சூட்டில் ரப்பரின் உள் பிணைப்புகள் உடைந்து, ஆறும்போது சீராக மறுபடி இணைகின்றன. அந்த ஓய்வு கிடைத்த டயர் பின்னால் சீக்கிரம் இறுகிப்போவதில்லை.

ஆகவே டயர் வாங்கும் நேரம் முக்கியம். சனிக்கிழமை மாட்டி ஞாயிற்றுக்கிழமை ட்ராக்குக்குப் போவது டயரின் ஆயுளை முதல் நாளே வெட்டுவதற்குச் சமம். இரண்டு மூன்று வாரம் இடைவெளி வைத்து வாங்குங்கள்.

5. வீல் அலைன்மென்ட்

நிறைய பேருக்கு டயர் அழிவது இங்கேதான். நிறுவனம் தரும் அளவுகள் நெடுஞ்சாலையில் நேராகப் போவதற்கானவை. ட்ராக்கில் வளைவில் கார் சாயும்போது சக்கரமும் வெளிப்பக்கம் சாய்ந்து, டயரின் வெளித்தோள், அதாவது பக்கச்சுவரைச் சேரும் வெளி ஓரம், மட்டும் தரையில் உராய்கிறது. உட்பக்கம் புதிதாகவே இருக்க, வெளித்தோள் தேய்ந்து ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் தெரியும். அந்த டயரைத் தூக்கிப் போட்டால் முக்கால் பங்கு ரப்பரையும் சேர்த்துப் போடுகிறீர்கள்.

இதற்கு மருந்து நெகட்டிவ் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேற்பகுதி காரின் பக்கம் உள்வாங்கி நிற்பது. பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் கேம்பரை மாற்ற வசதியே இருக்காது. கேம்பர் போல்ட் என்று கேட்டு வாங்கி, ஸ்ட்ரட்டும் (ஷாக் அப்சார்பர் அடங்கிய தண்டு) சக்கரத் தாங்கியும் சேரும் இடத்தில் பழைய போல்ட்டுக்குப் பதிலாக மாட்டினால் ஒன்று, ஒன்றரை டிகிரி கிடைக்கும். சாலையிலும் ஓட்டும் காருக்கு முன்சக்கரத்தில் மைனஸ் இரண்டு டிகிரி நல்ல தொடக்கம்.

இனி டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. கேம்பரால் உள் ஓரம் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள். அன்றாட ஓட்டத்தில் உள் ஓரத்தைத் தின்பது பெரும்பாலும் கேம்பர் அல்ல, கேம்பரை மாற்றிவிட்டுச் சரிசெய்யாமல் விட்ட டோ. கேம்பரைத் தொட்டாலே டோ மாறும். எனவே முதலில் கேம்பர், கடைசியில் டோ; பூஜ்யத்தில் அல்லது அதற்கு மிக அருகில் வைக்கச் சொல்லுங்கள்.

கடைகளில் இதைச் செய்துகொள்ளத்தான் நான் மிகவும் அல்லாடினேன். கணினித் திரையில் எல்லாம் நிறுவன அளவுக்குள் பச்சையாக வந்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்தது. சிவப்பில் நிறுத்தச் சொன்னால் மறுத்துவிடுவார்கள், அல்லது நாம் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி பச்சைக்கு மாற்றிவிடுவார்கள். எனக்குக் கடைசியில் பலித்த முறை இது: வேண்டிய எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வார நாள் காலையில், கூட்டம் இல்லாதபோது போங்கள். உங்கள் எடையோடு, அதாவது நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அச்சுத்தாள் இரண்டையும் கேட்டு வாங்கி டயர் ஏட்டில் ஒட்டுங்கள். ஐந்நூறு முதல் ஆயிரம் ரூபாய் ஆகலாம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிட்டால், ஸ்டியரிங் கோணலாக இருந்தால் திரும்பப் போக நேரம் இருக்கும்.

டோ சரியா என்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். கார் நிற்கும்போது உள்ளங்கையை டயரின் மேல் குறுக்கே, உள்ளிருந்து வெளியே இழுங்கள். பிறகு வெளியிலிருந்து உள்ளே. ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் ரம்பம்போலச் சொரசொரவென்று பிடித்தால் டோ தவறு. அப்படியே ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

6. காற்றழுத்தம்

ஒரே ஒரு படியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

உள்ளே இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும். 30 டிகிரியில் 26 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 70 டிகிரியை எட்டும்போது அது 31-ஐத் தாண்டியிருக்கும். சாலைக்குச் சொல்லப்பட்ட 32, 33-ஐ அப்படியே வைத்துக்கொண்டு ட்ராக்கில் இறங்கினால் 38-க்கு மேல் போகும். டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறுகி, வழுக்கும், வழுக்கினால் சூடு, சூடானால் இன்னும் அழுத்தம். மாறாகப் பயந்துபோய் மிகவும் குறைத்துவிட்டால் பக்கச்சுவர் மடங்கி, தோள்கள் வெந்துபோகும். இது ஆபத்தானதும்கூட.

எனவே நீங்கள் குறிவைக்க வேண்டியது சூடான அழுத்தத்தை. லேசான ஹேட்ச்பேக்கில் சாலை டயருக்கு, முன்னால் சூட்டில் 33, 34 என்று தொடங்குங்கள். செய்முறை:

- காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, வெயில் படாத இடத்தில், சூட்டில் வேண்டியதைவிட ஐந்தாறு பிஎஸ்ஐ குறைவாக வையுங்கள்.
- தோளிலிருந்து பக்கச்சுவர் நோக்கிச் சாக்பீஸால் ஒரு கோடு இழுங்கள். நான்கு டயரிலும்.
- மூன்று நான்கு வேகச் சுற்று ஓட்டிவிட்டு, ஆற விடாமல் நேராகப் பிட்டுக்குள் (ட்ராக்கை ஒட்டிக் கார்கள் வந்து நிற்கும் இடம்) வந்து உடனே அளங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் எண் பொய்.
- சாக்பீஸ் கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு. தோள் விளிம்புக்கே வராமல் நின்றிருந்தால் அழுத்தம் அதிகம். தோளின் வளைவு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். பல டயர்களில் அங்கே சிறிய முக்கோணக் குறி இருக்கும்.
- கூடியதை மட்டும் விடுங்கள். எவ்வளவு விட்டீர்கள் என்று எழுதுங்கள்.

காலை 26 டிகிரியில் சரியாக வைத்தது பிற்பகல் 38 டிகிரியில் ஒன்றரை பிஎஸ்ஐ கூடியிருக்கும். ஒவ்வோர் அமர்வுக்கும் மறுபடி பார்க்க வேண்டும்.

எப்போதும் ஒரே கேஜைப் பயன்படுத்துங்கள். பெட்ரோல் பங்க் கேஜ் ஒன்று காட்டுவதை இன்னொன்று காட்டாது. பங்க் கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கியிருந்தால் காற்றோடு ஈரமும் டயருக்குள் போகும். சூட்டில் அது ஆவியாகி அழுத்தத்தைக் கணிக்க முடியாதபடி ஏற்றும். சென்னையின் புழுக்கத்தில் இது அடிக்கடி நடக்கிறது. நைட்ரஜன் அடிப்பதில் பயன் என்றால் அது உலர்ந்திருப்பதுதான். டயருக்குச் சில பத்து ரூபாய்தான், அடித்துக்கொள்ளுங்கள்; ஆனால் பழைய காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

வெப்பம் அளக்க விரும்பினால், ரப்பருக்குள் ஊசி இறக்கும் வகைக் கருவியை வாங்குங்கள். துப்பாக்கி வடிவக் கருவி மேற்பரப்பை மட்டுமே காட்டும், அது நொடிகளில் ஆறிவிடும். உள், நடு, வெளி என மூன்று இடத்தில் எடுங்கள். நடு மட்டும் சூடென்றால் காற்று அதிகம். இரு ஓரமும் சூடென்றால் குறைவு. வெளி ஓரம் மட்டும் கொதித்தால் கேம்பர் போதவில்லை.

7. ஓட்டும்போது

முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்களே பிரேக் பிடிக்கின்றன, திருப்புகின்றன, இழுக்கின்றன. வளைவில் கார் திரும்ப மறுத்து வெளியே போகும்போது புதியவரின் கை தானாக ஸ்டியரிங்கை இன்னும் திருப்பும். டயர் ஏற்கெனவே பிடியின் எல்லையைத் தாண்டிவிட்டது. இன்னும் திருப்பினால் கார் திரும்பாது, ரப்பர்தான் உரியும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைச் சற்றே விடுங்கள், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். பிடி திரும்பும்.

தொடர்ந்து கத்தும் டயர் வேகத்தின் அடையாளம் அல்ல. மெல்லிய முனகல்வரை இருக்கலாம், அலறக் கூடாது. முதல் சுற்றில் சூடேற்றி, இரண்டு மூன்று சுற்று வேகமாக ஓட்டி, ஒரு சுற்று ஆற விட்டு, மறுபடி வேகமெடுங்கள். பதினைந்து நிமிடமும் விடாமல் விரட்டினால் கடைசி ஐந்து நிமிடத்தில் சுற்று நேரமும் குறைவதில்லை, டயர் மட்டும் தேய்கிறது. நேர்ப்பாதைகள் குறுகிய கரி ட்ராக்கில், அது ஏறத்தாழ 2.1 கி.மீ.தான், டயருக்கு ஆறவே இடைவெளி கிடைக்காது; ஆற விடும் சுற்று அங்கே இன்னும் அவசியம்.

ஏப்ரல், மே மாதப் பிற்பகலில் தார்ப்பரப்பு ஐம்பது டிகிரியைத் தாண்டும். காசு கொடுத்தாயிற்றே என்று அந்த அமர்வையும் ஓட்டாதீர்கள். சென்னையில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியே டயருக்கு உகந்த காலம்; அதிலும் காலை அமர்வுகள்.

8. வீடு திரும்பும் முன்

இதை மறப்பது உயிருக்கே ஆபத்து. ட்ராக்கில் சூட்டில் காற்றை விட்டிருக்கிறீர்கள். மாலை 33 காட்டும் டயர் இரவு ஆறியதும் 27-க்கு வந்துவிடும். அந்த அழுத்தத்தில், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நூறில் போனால் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். கிளம்பும் முன் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள்; மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் இன்னொரு முறை பாருங்கள். சக்கர நட்டுகளையும், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

ட்ராக்கில் உதிர்ந்து கிடக்கும் ரப்பர் உருண்டைகள் டயரில் ஒட்டியிருக்கும். சாலையில் சில கிலோமீட்டரில் அவை தானாக உதிரும்.

9. இடம் மாற்றுதல்

தடம் வலஞ்சுழியாகச் சுற்றினால் வலப்பக்க வளைவுகளே மிகுதி, எடை இடப்பக்கம் சாயும், இடது முன் டயர் முதலில் தீரும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் முன்னது பின்னால், பின்னது முன்னால் என மாற்றுங்கள். பக்கவாட்டில் சுழல்திசை அம்புக்குறி இல்லாவிட்டால் இடம் வலமும் மாற்றலாம்.

அம்புக்குறி உள்ள டயரில் ஒரு வழி உண்டு. ரிம்மிலிருந்து கழற்றி மறுபக்கச் சக்கரத்தில் மாட்டினால், சுழல்திசை மாறாமலே தேய்ந்த வெளித்தோள் உட்பக்கம் போய்விடும். கழற்றி மாட்டவும் பேலன்ஸ் பார்க்கவும் சில நூறு ரூபாய் ஆகும்; பாதி ஆயுள் மீண்டும் கிடைக்கும். உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எழுதியிருக்கும் டயரில் மட்டும் இப்படித் திருப்ப வேண்டாம்.

10. வைக்கும் இடம்

வெயில், ஓசோன், எண்ணெய் மூன்றும் ரப்பருக்குப் பகை. மொட்டை மாடித் தகரக் கூரையின் கீழ் வைக்காதீர்கள். மோட்டார், வெல்டிங் இயங்கும் பட்டறை மூலையும் வேண்டாம். அவை ஓசோனை உண்டாக்குகின்றன. கழுவிக் காயவைத்து, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, வீட்டுக்குள் இருட்டான இடத்தில் வையுங்கள். டயர் பாலிஷ் எதையும் பூசாதீர்கள்.

11. எப்போது கழிப்பது

ட்ரெட் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. சாலை டயரில் பள்ளங்களுக்குள் இருக்கும் 1.6 மி.மீ. மேட்டை ரப்பர் தொட்டுவிட்டால் அது சாலைக்குச் செல்லாது. மழையில் ட்ராக்குக்கும் செல்லாது. ஆழம் மீதி இருந்தும் சுற்று நேரம் தொடர்ந்து மோசமாகி, ரப்பர் நகம் பதியாமல் பளபளவென்று இறுகியிருந்தால் அது சூட்டில் செத்த டயர். பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், போட்டிக்கு வேண்டாம். கொப்புளம், பக்கச்சுவரில் புடைப்பு, வெளித்தோளில் நூல்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள். தோளில் நூலைத் தேட வேண்டிய இடம் உட்பக்கமும்தான். சக்கரத்தைக் கழற்றாமல் அது கண்ணில் படாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் கழற்றிப் பாருங்கள்.

கழித்த டயரை அப்படியே பழைய டயர் கடையில் போடாதீர்கள். யாரோ ஒருவர் அதை வாங்கித் தன் காரில் மாட்டிவிடுவார். பக்கச்சுவரைக் கத்தியால் கிழித்துவிட்டுக் காயலான் கடைக்குக் கொடுங்கள்.